குறிப்புரைக் கட்டம்

வெள்ளம் வடிந்த பதினோராம் நாள்
கிலேன் லொன்யூல் தன் மோட்டார் சைக்கிளை
கோழிக்கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.
வெஸ்த்ர ஆறு அதன் ஆவணங்களைத் தின்றுவிட்டு
வண்டியை மட்டும் துப்பியிருந்தது,
மட்கார்டுக்குள் ஒரு பிடி சேறும்
யார் வீட்டுக் கரண்டியோ ஒன்றும் சேர்த்து.

"முப்பத்தாறாம் வருஷத்து வண்டி" என்றான்.
"அப்பாவின் அத்தை லெயோனி புதிதாக வாங்கியது.
ஒரு தாள் எழுதிக் கொடு, போதும்."

சங்கத்தில் வண்டிகளுக்கு வயது சொல்பவன் நான்.
அதற்கு முன் முப்பது வருஷம்
வெர்வியே வருமான வரி அலுவலகம்.
தானமாக வந்த மாட்டையும்
பல்லைப் பிடித்துப் பார்க்கிற பிழைப்பு.

எனவே பல்லில் தொடங்கினேன்.
கியர்ப் பெட்டிக்குள் பல்சக்கரம்
முப்பத்தைந்துக்கும் ஏழுக்கும் நடுவே எங்கோ.
டேங்க் மூடியும் அதையே சொன்னது,
கொஞ்சம் தயங்கி.
முகப்பு விளக்கு போருக்குப் பிறகு
ஏதோ டிராக்டரில் கழற்றியது;
அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.

கழுத்துக் குழாயில்
மண்ணெண்ணெயும் பல் தேய்த்து ஓய்ந்த பிரஷும்
ஒரு மணி நேரம் உழைத்த பின்
எண் எழுந்து வந்தது.
இந்தத் தொழிற்சாலைக்காரர்கள்
முதல் இரண்டு இலக்கத்தில் வருஷத்தை வைப்பார்கள்.
மூன்று.
எட்டு.

"தப்பாகப் படிக்கிறாய்" என்றான் கிலேன்.
"முப்பத்தாறு டிசம்பரில், முழங்கால் பனியில்,
மருத்துவச்சிப் பையைக் கட்டிக்கொண்டு
இதில்தான் அவள் வந்தாள், அப்பா பிறக்க.
இது முப்பத்தெட்டு என்றால்
அவள் எதில் வந்தாள்?"

வசந்தகால ஊர்வலத்தில்
முப்பத்தேழுக்குப் பிந்திய வண்டிகளுக்கு இடமில்லை.
அதை இருவருமே சொல்லவில்லை.

விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன்.
தொழிற்சாலை அடித்த எண்கள்
ராணுவ வரிசையில் நிற்கும்.
இவை மணியடித்ததும் வெளியே ஓடிய
பள்ளிப் பிள்ளைகளைப் போல் நின்றன.
கட்டைவிரலை வைத்தால்
எண்களுக்கு அடியில் ஒரு பள்ளம்,
ஆற்றுக்கு முன்பே யாரோ ராவியது.
அரக் கீறல்கள் எல்லாமே
தவறான பக்கம் சாய்ந்திருந்தன.

"அவள் இடக்கைக்காரியா?"

கிலேன் சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்தான்.
"சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால்
சூப் நம் மடியில்தான் இருக்கும்."

நாற்பதில் ஊருக்குள் வந்தவர்கள்
எண் வாரியாகப் பட்டியல் வைத்திருந்திருப்பார்கள்.
பட்டியலில் உள்ள எண்ணைத் தேடுவார்கள்;
எதிரே நிற்கும் வண்டியைப் பார்க்க மாட்டார்கள்.
அந்த மாதிரி அலுவலகத்தை எனக்குத் தெரியும்,
அங்கேதான் எனக்கு நரைத்தது.
அந்தக் குருட்டுத்தனம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது.
நள்ளிரவுப் பிரசவங்களுக்கு
யாரும் நடந்து போய்ச் சேர முடியாது.

இது ஊகம்.
ஊகத்துக்குப் படிவத்தில் கட்டமில்லை.
வருஷத்துக்கு நான்கு கட்டம்,
குறிப்புரைக்குத் தீப்பெட்டி அளவு இடம்.

நான்கு கட்டத்திலும் எண் சொன்னதை எழுதினேன்.
கிலேன் மூச்சுவிட்டது கேட்டது.
தீப்பெட்டிக்குள் நுணுக்கி நுணுக்கி எழுதினேன்:
"அசல் எண் அரத்தால் ராவப்பட்டுள்ளது.
அதன் கீழே இருந்த வருஷத்தை அறிய வழியில்லை.
ராவியவர் இடக்கைப் பழக்கமுள்ளவர்."

மூன்று தடவை படித்தான்.
முதல் தடவை கோபமாக.
பிறகு தாளை மடித்து, சட்டையின் உள்பையில்,
ஆறு இன்னொரு முறை வந்தாலும்
முதலில் நனையாத இடத்தில் வைத்துக்கொண்டான்.

கரண்டியை மறந்துவிட்டுப் போனான்.
அதன் காம்பின் பின்புறம்
சேற்றுக்கு அடியில் ஏதோ முத்திரை இருக்கிறது.
இன்னும் துடைக்கவில்லை.